மென்பொருளை நிறுத்துகிறோம் என்று நிறுவனம் அறிவித்தால் முதலில் எதைக் காப்பாற்றுவது?

கேள்வி இதுதான்: எட்டுப் பேர் வேலை செய்யும் சிறிய ஸ்டூடியோ. பன்னிரண்டு வருடமாக ஒரே மென்பொருளில்தான் அனிமேஷன் வேலை. இனிப் புதுப் பதிப்பு வராது, விற்பனையும் நிற்கிறது என்று அதன் நிறுவனம் அறிவித்துவிட்டது. உடனே வேறொன்றுக்கு மாறுவதா, ஓடும் வரை ஓட்டுவதா? பழைய ப்ராஜெக்ட் ஃபைல்கள் என்ன ஆகும்? பெரிய ஸ்டூடியோக்கள் இப்படிப்பட்ட சமயத்தில் என்ன செய்கின்றன?

இந்த வாரமே புது மென்பொருள் வாங்க வேண்டாம். கையில் இருக்கும் வேலையைப் பாதியில் வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். இந்த வாரம் செய்ய வேண்டியது வேறு: இன்றைக்குத் திறக்கிற ஃபைல் ஐந்து வருடம் கழித்தும் திறப்பதற்கு வழி செய்து வைப்பது. மாறுவதெல்லாம் அதற்குப் பிறகு. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் மாதம் முழுக்க எதற்கு மாறலாம் என்ற விவாதத்தில் போய்விடும். பழைய இன்ஸ்டாலர் எங்கே என்று தேடும்போது பதிவிறக்கப் பக்கமே இருக்காது.

'நிறுத்தம்' என்று ஒரே சொல்லால் சொன்னாலும் அதற்குள் நான்கு தேதிகள் இருக்கின்றன. விற்பனை நிற்கும் தேதி, பிழைத்திருத்தம் நிற்கும் தேதி, ஆக்டிவேஷன் சர்வர் அணையும் தேதி, அந்த மென்பொருள் ஓடக்கூடிய கடைசி இயங்குதளம் காலாவதியாகும் தேதி. அறிவிப்பில் பெரிய எழுத்தில் வருவது முதல் இரண்டும்தான். உங்களைப் பாதிக்கப் போவது பின்னிரண்டும்.

ஆட்டோடெஸ்க் 2008-ல் அவிட் நிறுவனத்திடமிருந்து வாங்கிய 3டி அனிமேஷன் மென்பொருள் சாஃப்ட்இமேஜை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 மார்ச் 4 அன்று, அந்த ஏப்ரலில் வரும் 2015 பதிப்பே கடைசி என்று அறிவித்தார்கள். ஆதரவு 2016 ஏப்ரல் 30 வரை. சந்தா வைத்திருந்தவர்கள் கூடுதல் கட்டணமில்லாமல் அதே நிறுவனத்தின் மாயாவுக்கோ 3டிஎஸ் மேக்ஸுக்கோ போகலாம் என்றார்கள். கோபம் நிறைய எழுந்தது. ஆனால் இரண்டு வருடத்துக்கு மேல் அவகாசம் இருந்தது, கையில் இருந்த நிரந்தர லைசென்ஸ் அன்றோடு செத்துவிடவில்லை.

இசைக்குறிப்பு எழுதும் ஃபினாலே 2024 ஆகஸ்ட் 26 அன்று நிறுத்தப்பட்டபோது நிலைமை வேறு மாதிரி இருந்தது. 1988 முதல் வந்துகொண்டிருந்த மென்பொருள் அது. முதல் அறிவிப்பில் ஒரு வரி இருந்தது: ஒரு வருடத்துக்குப் பிறகு புதுக் கணினியில் ஆக்டிவேட் செய்யவோ, பழையதில் மறுபடி ஆக்டிவேட் செய்யவோ முடியாது. 149 டாலருக்கு டோரிகோ ப்ரோ என்ற வேறொரு இசைக்குறிப்பு மென்பொருளுக்கு மாறிக்கொள்ளலாம் என்ற சலுகையை விட இந்த ஒரு வரிதான் முக்கியமானது. ஹார்ட் டிஸ்க் ஒருநாள் போனால், காசு கொடுத்து வாங்கிய மென்பொருளை அதே கணினியில்கூடத் திரும்ப நிறுவ முடியாது என்பது அதன் பொருள். எதிர்ப்பு வந்ததும் நிறுவனம் அந்த வரியைத் திரும்பப் பெற்றது, ஆக்டிவேஷன் தொடரும் என்றது.

எந்தக் கூக்குரல் பலிக்கும், எது பலிக்காது என்பதற்கும் இதுவே நல்ல உதாரணம். "எங்கள் மென்பொருளைத் தொடர்ந்து உருவாக்குங்கள்" என்று ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டாலும் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. மேம்பாட்டுக் குழு அதற்குள் கலைந்திருக்கும். "மூல நிரலைத் திறந்துவிடுங்கள்" என்பதும் சொல்வதற்கு எளிது, நடப்பது அபூர்வம். வணிக மென்பொருளுக்குள் வெளியாரிடம் லைசென்ஸ் வாங்கிச் சேர்த்த பகுதிகள் கிடக்கும்: கோடெக், இயற்பியல் கணக்கீடு, ஃபைல் மாற்றி, ரெண்டரர். அவற்றைப் பிரித்தெடுப்பதே ஒரு தனி வேலை, அதற்குச் செலவழிக்க யாரும் முன்வருவதில்லை. 3டி மென்பொருளான பிளெண்டர் ஒரு விதிவிலக்கு. 2002-ல் அதன் தாய் நிறுவனம் மூடப்பட்டபோது, பயனர்கள் ஏழு வாரத்தில் 1,00,000 யூரோ திரட்டி நிரலை விடுவித்தார்கள். அக்டோபர் 13 அன்று அது ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வெளிவந்தது. அங்கே ஒரு விலை சொல்லப்பட்டிருந்தது, விற்கத் தயாராக இருந்தவர்கள் இருந்தார்கள். இன்னொரு வகை மீட்பு, வேறொருவர் வாங்கிக்கொள்வது. கிப்சன் 2017 நவம்பரில் ஒலிப்பதிவு மென்பொருளான கேக்வாக் சோனாரைக் கைவிட்டது. 2018 பிப்ரவரியில் பேண்ட்லேப் அதை வாங்கி, பிறகு இலவசமாகவே வெளியிட்டது. 3டி மென்பொருளான லைட்வேவும் 2023-ல் இப்படித்தான் கைமாறி உயிர் பிழைத்தது. இவை நடந்தால் சந்தோஷம், ஆனால் இதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

பலிக்கக்கூடியவை சிறிய, செலவு குறைந்த, தெளிவான கோரிக்கைகள். கடைசிப் பதிப்பை ஆக்டிவேஷன் தேவைப்படாத இன்ஸ்டாலராகக் கொடுங்கள். சந்தாக்காரர்களுக்கு ஒரு நிரந்தர லைசென்ஸ் கொடுங்கள். உதவிப் பக்கங்களை ஒரே தொகுப்பாகப் பதிவிறக்க விடுங்கள். ஏற்றுமதியில் இருக்கும் இந்த மூன்று பிழைகளைத் திருத்திவிட்டு மூடுங்கள். சிஎஸ்2 என்ற பழைய மென்பொருள் தொகுப்புக்கான ஆக்டிவேஷன் சர்வரை அடோபி மூடியபோது, ஏற்கெனவே வாங்கியவர்களுக்காக ஆக்டிவேஷன் கேட்காத இன்ஸ்டாலரைக் கொடுத்தது. ஆக, முன்மாதிரி இருக்கிறது. ஆப்பிளின் வீடியோ எடிட்டிங் மென்பொருள் ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ் 2011 ஜூனில் வந்தபோதும் இதுதான் நடந்தது. பதிப்பு 7-ன் ப்ராஜெக்ட்டை அதில் திறக்க முடியவில்லை, பல கேமராக் காட்சிகளைச் சேர்த்து வெட்டும் மல்டிகேம் இல்லை, வேலையை உரை வடிவில் வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோகும் எக்ஸ்எம்எல் பரிமாற்றம் இல்லை. பழையதன் விற்பனையும் நின்றுவிட்டது. ஆப்பிள் தன் திசையை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் பெயர் சொல்லிக் கேட்ட வசதிகள் வந்தன: எக்ஸ்எம்எல் அதே செப்டம்பரில், மல்டிகேம் 2012 ஜனவரியில். அதனால் உங்கள் கடிதத்தில் கோபம் இருக்கட்டும், கூடவே இரண்டே இரண்டு கோரிக்கையும் இருக்கட்டும். எத்தனை லைசென்ஸ் வைத்திருக்கிறீர்கள், எத்தனை ஃபைல் அதில் இருக்கிறது என்ற எண்ணிக்கையோடு எழுதுங்கள்.

சில நேரம் நிறுவனம் 'பராமரிப்பு நிலை' என்று சொல்லும். அடோபி 2026 பிப்ரவரியில் தன் 2டி அனிமேஷன் மென்பொருளான அனிமேட்டை மார்ச் 1-ல் நிறுத்துவதாக அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும் ஓரிரு நாளில் பின்வாங்கி இதைத்தான் சொன்னது. பிழைத்திருத்தமும் பாதுகாப்புத் திருத்தமும் வரும், புது வசதி வராது. என் கணிப்பில் இதையும் நிறுத்தமாகவே எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டும். அவசரம்தான் குறைவு.

இப்போது முதல் வாரத்துக்கு வருவோம். இன்ஸ்டாலரைச் சேமியுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். சேமித்தது எது என்று பாருங்கள். சில மெகாபைட் அளவில் இருந்தால் அது இன்ஸ்டாலரே அல்ல. ஓடும்போது சர்வரிலிருந்து மீதியை இழுக்கும் சிறு நிரல். சர்வர் போனால் அது வெறும் ஐகான். முழு ஆஃப்லைன் இன்ஸ்டாலர் வேண்டும். கடைசிப் பதிப்பு மட்டும் போதாது. நீங்கள் ப்ராஜெக்ட் செய்த ஒவ்வொரு பெரிய பதிப்பும், அதன் கடைசித் திருத்தமும் வேண்டும். பல மென்பொருள்கள் மிகப் பழைய ஃபைலை நேராகப் புதிய பதிப்பில் திறக்காது. நடுவில் ஒரு பதிப்பில் திறந்து சேமித்துத்தான் மேலே வர வேண்டும். ப்ளகின், ஸ்கிரிப்ட், ஷேடர், எழுத்துரு, கூட வந்த மாதிரி நூலகங்கள், ரெண்டரரின் தனி இன்ஸ்டாலர் எல்லாம் அதே ஃபோல்டருக்குள். ப்ளகின்களுக்குப் பெரும்பாலும் தனி ஆக்டிவேஷன் இருக்கும். தாய் மென்பொருள் நின்றால் ப்ளகின் செய்பவரும் ஒன்றிரண்டு வருடத்தில் கடையைக் கட்டிவிடுவார். அவருக்கு இப்போதே எழுதுங்கள். தனி ஆளாக ப்ளகின் எழுதுபவர்கள் இந்த மாதிரி வேண்டுகோளுக்குப் பெரும்பாலும் இரங்கிவிடுவார்கள். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஷா-256 எண்ணை (ஃபைலின் கைரேகை போன்றது; உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும்) எடுத்து ஒரு உரை ஃபைலில் வையுங்கள். பத்து வருடம் கழித்து நகல் கெட்டிருக்கிறதா என்று சொல்ல அது ஒன்றுதான் சாட்சி.

அடுத்தது லைசென்ஸ். சர்வர் வழியாக லைசென்ஸ் ஓடுகிறதென்றால், பெரும்பாலும் அது ஃப்ளெக்ஸ்எல்எம் என்ற லைசென்ஸ் நிர்வாக முறையாக இருக்கும். அந்த லைசென்ஸ் ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள், சாதாரண உரைதான். ஃபீச்சர் அல்லது இன்கிரிமென்ட் என்று தொடங்கும் ஒவ்வொரு வரியிலும் ஒரு காலாவதித் தேதி இருக்கும். அந்த இடத்தில் 'பெர்மனன்ட்' என்றோ, வருடம் 0 என்றோ இருந்தால் அது நிரந்தரம். 2027 என்று இருந்தால், விற்பனையாளர் வாய்வார்த்தையாக என்ன சொல்லியிருந்தாலும், அந்த வருடம் அது நின்றுவிடும். மேலே சர்வர் என்ற வரியில் பன்னிரண்டு இலக்க எண் ஒன்று இருந்தால் அது நெட்வொர்க் கார்டின் முகவரி. அந்தக் கார்டு போனால் லைசென்ஸும் போயிற்று. முகவரியை மாற்றித் தர நிறுவனத்தில் ஆள் இருக்காது. ஆதரவு உயிரோடு இருக்கும்போதே லைசென்ஸ் சர்வரை ஒரு மெய்நிகர் கணினிக்கு (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) மாற்றித் தரச் சொல்லுங்கள். அதில் நெட்வொர்க் முகவரியை நீங்களே நிலையாக வைத்துக்கொள்ளலாம், முழுக் கணினியையும் ஒரு ஃபைலாக நகலெடுக்கலாம். ஒப்பந்தம் அதை அனுமதிக்கிறதா என்று படித்துவிட்டு, எழுத்தில் சம்மதம் வாங்கிச் செய்யுங்கள். லைசென்ஸ் டாங்கிளில் (கணினியில் செருகும் சிறு சாவிக் கருவி) இருக்கிறது என்றால், இரண்டாவது டாங்கிளுக்கு இப்போதே கேளுங்கள்.

சந்தா முறையில் இருப்பவர்களின் நிலை இன்னும் சங்கடமானது. சந்தா நின்றால் நிரலும் நிற்கும், அப்படியே பாதுகாத்து வைக்க ஒன்றும் இருக்காது. 2019 மே மாதம் தன் சந்தாத் தொகுப்பான கிரியேட்டிவ் கிளவுடின் பழைய பதிப்புகளைப் பயன்படுத்தியவர்களுக்கு, அவற்றைப் பயன்படுத்தும் உரிமை இனி இல்லை என்று அடோபி கடிதம் அனுப்பியது. பழைய பதிப்பை வைத்திருப்பதே சந்தாக்காரரின் கையில் இல்லை என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்தது. இந்த வகையில் மாட்டியிருந்தால், கீழே சொல்லும் ஏற்றுமதி வேலைக்கு நிஜமான கடைசித் தேதி இருக்கிறது. அதற்கு மூன்று மாதம் முன்பாகவே உங்கள் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபைல்கள் நிறுவனத்தின் சர்வரிலேயே இருக்கும் கிளவுட் மென்பொருள் என்றால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

இதெல்லாம் செய்த பிறகு ஒரு சோதனை. காலியான கணினி ஒன்றை எடுத்து, நெட்வொர்க் வயரைப் பிடுங்கிவிட்டு, சேமித்து வைத்ததை மட்டும் கொண்டு நிறுவிப் பாருங்கள். ஒரு பழைய ப்ராஜெக்ட்டைத் திறந்து ஒரு ஃபிரேம் ரெண்டர் எடுங்கள். பெரும்பாலானோர் தவிர்ப்பது இந்த ஒரு படிதான். விடுபட்ட இயக்க நூலகம், எழுத்துரு, ஆக்டிவேஷனுக்காக இணையத்தைத் தேடும் ஒரு ப்ளகின் என்று எல்லாமே இங்கேதான் வெளிப்படும். இப்போது வெளிப்பட்டால் சரிசெய்துவிடலாம்.

இயங்குதளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய மென்பொருள் ஓடும் கணினிகளில் தானியங்கி அப்டேட்டை இன்றே நிறுத்துங்கள். ஃபைனல் கட் ப்ரோ 7 மேக்ஓஎஸ் ஹை சியராவில் ஓடாது. ஆப்பிளின் புகைப்பட மென்பொருளான அப்பர்ச்சர் கடைசியாக ஓடிய மேக்ஓஎஸ் பதிப்பு மொஹாவே. 2019-ல் வந்த அடுத்த பதிப்பான கேட்டலினா 32-பிட் நிரல்களை மொத்தமாக வெளியேற்றியது. கூடவே குயிக்டைமின் பழைய கோடெக்குகளும் போயின. ஒரு இரவு அப்டேட் ஓடினால் பத்து வருட வேலை திறக்காத ஃபைலாகிவிடும். ஆப்பிள் சிலிக்கான் (ஆப்பிளின் சொந்தச் சிப்) கணினியில் மொஹாவேயை ஏற்றவே முடியாது. பழைய நிரல்களை அதில் ஓட்டும் ரொசெட்டா 64-பிட் இன்டெல் நிரலை மட்டும்தான் ஓட்டும். விண்டோஸ் பக்கம் இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளம், ஆனால் கிராபிக்ஸ் டிரைவர் அங்கே பிரச்சினை தரும். 3டி மென்பொருள் பலவும் மெய்நிகர் கணினியில் திறக்கும், வேலைக் காட்சியை (வியூபோர்ட்) சுழற்றினால் திணறும். அதனால் லைசென்ஸ் சர்வர் மெய்நிகராக இருக்கட்டும், வேலை செய்யும் இயந்திரம் ஒன்றாவது நிஜ இயந்திரமாக இருக்கட்டும். அதை இணையத்தோடு இணைக்க வேண்டாம். பாதுகாப்புத் திருத்தம் வராத கணினி அது. ஃபைல் கொண்டுபோக நடுவில் ஒரு பகிர்வு டிஸ்க் போதும்.

பெரிய ஸ்டூடியோக்கள் பதற்றம் காட்டாமல் இருப்பதற்குக் காரணம் பணம் மட்டுமல்ல. அவர்கள் ஒவ்வொரு படத்துக்கும் மென்பொருள் பதிப்புகளைத் தொடக்கத்திலேயே பூட்டிவிடுவார்கள்; படம் முடியும் வரை அதே பதிப்புதான். ஆகவே 'புதுப் பதிப்பு வராது' என்ற செய்தி ஓடிக்கொண்டிருக்கும் படத்தைத் தொடுவதில்லை. அடுத்த படம் எதில் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. பல படங்களை அடுக்கி ஒரே காட்சியாக்கும் ஷேக் என்ற மென்பொருளின் கதையில் இது நன்றாகத் தெரியும். ஆப்பிள் 2006-ல் ஷேக் 4.1-ஐ வெளியிட்டு, 2,999 டாலர் விலையை 499-ஆகக் குறைத்தது. பெரிய ஸ்டூடியோக்களுக்கு 50,000 டாலருக்கு மூல நிரலின் லைசென்ஸையும் தந்தது. திடீர் விலைக்குறைப்பு இந்தத் தொழிலில் நல்ல சகுனம் அல்ல. 2009 ஜூலையில் விற்பனை நின்றது. அதற்குள் டிஜிட்டல் டொமைனில் பிறந்து 2007-ல் ஃபவுண்ட்ரியின் கைக்கு வந்த, அதே வகை மென்பொருளான நியூக், பல ஸ்டூடியோக்களில் புதுப் படங்களுக்கான கருவியாகிக்கொண்டிருந்தது.

அந்த மாற்றம் சாஃப்ட்இமேஜ் மாற்றத்தை விட லேசாக இருந்ததற்குக் காரணம் ஃபைல்களில் இருக்கிறது. ஷேக் ஸ்கிரிப்ட் சாதாரண உரை. சி மொழி போல, எந்த நோடில் (வேலையின் ஒரு படியைக் குறிக்கும் கட்டம்) என்ன மதிப்பு என்று கண்ணால் படிக்கலாம். இன்றைக்கும் படிக்கலாம். உள்ளே வருவதும் வெளியே போவதும் படங்கள்தான்: சினியான், டிபிஎக்ஸ், ஓப்பன்இஎக்ஸ்ஆர். இரண்டு மென்பொருளும் நோடு அடிப்படையிலானவை. சாஃப்ட்இமேஜில் அப்படி இல்லை. மாடலையும் அதை அசைக்கும் எலும்புகளையும் எஃப்பிஎக்ஸ் என்ற பரிமாற்ற வடிவம் கொண்டுபோகும். ஐஸ் என்ற அதன் நோடு அமைப்பில் கட்டிய துகள், சிதைவு அமைப்புகளைக் கொண்டுபோக எந்த ஃபைல் வடிவமும் கிடையாது. அவற்றை ஹூடினி போன்ற வேறொரு 3டி மென்பொருளில் முதலிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. எனவே உங்கள் மென்பொருளை எடைபோடும்போது கேட்க வேண்டியது: எங்கள் வேலையில் எவ்வளவு 'படம், வடிவம், அசைவு', எவ்வளவு 'அந்த மென்பொருளுக்கு மட்டுமே புரியும் கட்டமைப்பு'? இரண்டாவது பங்கு கூடக் கூட மாறும் செலவும் ஏறும்.

பழைய ஃபைல்கள். எல்லாவற்றையும் மாற்ற முயல்வதுதான் முதல் தவறு. ஃபைல் வகை, கடைசியாகத் திருத்திய தேதி, அளவு மூன்றையும் ஒரு பட்டியலாக எடுங்கள். மூன்று கட்டாகப் பிரியுங்கள்: இந்த வருடம் மீண்டும் திருத்தப் போகிறவை, வாடிக்கையாளர் திரும்பக் கேட்கக்கூடியவை, வெறும் காப்பகம். முதல் கட்டைத்தான் முழுமையாகப் புது மென்பொருளுக்கு மாற்ற வேண்டும். இரண்டாவதற்கு ஏற்றுமதி போதும். மூன்றாவதற்கு மூல ஃபைலும் இறுதி வீடியோவும் இருந்தால் சரி.

ஏற்றுமதி என்றால் ஒவ்வொரு வேலைக்கும் மூன்று அடுக்கு. மூல ஃபைல் அப்படியே. பரிமாற்ற வடிவம். அப்புறம் 'முகச்சாட்சி', அதாவது அது எப்படித் தெரிந்தது, எப்படிக் கேட்டது என்பதற்கான பிடிஎஃப், படம், வீடியோ அல்லது ஒலி. மூன்றாவது அடுக்கை வேண்டாம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அது இல்லாவிட்டால், மாற்றியது சரியா தவறா என்று ஒப்பிட ஒன்றும் இருக்காது.

உங்கள் மென்பொருள் ஃப்ளாஷ் வழி வந்த அனிமேட் என்றே வைத்து உள்ளே பார்ப்போம். சிஎஸ்5 பதிப்பு முதல், அதன் ப்ராஜெக்ட் ஃபைலான எஃப்எல்ஏ என்பது ஒரு ஜிப் தொகுப்பு. ஒரு எஃப்எல்ஏ ஃபைலை நகலெடுத்து, பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே டாம்டாக்குமென்ட் என்ற எக்ஸ்எம்எல் ஃபைல் இருக்கும். டைம்லைன், லேயர், கீஃபிரேம் எல்லாம் அதில். லைப்ரரி ஃபோல்டரில் ஒவ்வொரு சிம்பலுக்கும் (மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் வரைபடம்) ஒரு எக்ஸ்எம்எல். ஒரு சிம்பலைத் திறந்தால் 'எட்ஜஸ்' என்ற பண்பில் எண்களின் நீண்ட சரம் தெரியும்: ஆச்சரியக்குறி வந்தால் பேனா நகர்கிறது, செங்குத்துக் கோட்டுக் குறி (|) வந்தால் நேர்க்கோடு, சதுர அடைப்புக்குறி வந்தால் வளைவு. எண்கள் ட்விப் அளவில், அதாவது ஒரு பிக்சலில் இருபதில் ஒரு பங்கு. ஆக 200 என்றால் 10 பிக்சல். இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இந்த அளவுக்குப் படிக்க முடிகிற ஃபைல் அநாதையாவதில்லை. யாராவது ஒருவர் அதற்கு ஒரு மாற்றி எழுத முடியும். சிஎஸ்4 வரையிலான எஃப்எல்ஏ அப்படியல்ல, மூடிய பைனரி. எனவே மென்பொருள் ஓடும்போதே அந்தப் பழைய ஃபைல்களைத் திறந்து, தொகுக்காத எக்ஸ்எஃப்எல் வடிவில் சேமியுங்கள். மூலம் தொலைந்து, வெளியீட்டு ஃபைலான எஸ்டபிள்யூஎஃப் மட்டும் இருந்தால், ஜெபெக்ஸ் டீகம்பைலர் என்ற கருவி வடிவங்களையும் ஒலிகளையும் மீட்டுத் தரும். ஓட்டிப் பார்க்க, ஃப்ளாஷ் பிளேயருக்குப் பதிலாக இயங்கும் ரஃபிள் இருக்கிறது. 2021 ஜனவரி 12 முதல் ஃப்ளாஷ் பிளேயர் தானே உள்ளடக்கத்தைத் தடுத்துவிட்ட பிறகு அதுவே வழி. இவற்றோடு ஒவ்வொரு காட்சிக்கும் ஆல்ஃபாவோடு (பின்னணி ஊடுருவித் தெரியும்படி) பிஎன்ஜி தொடர் ஒன்றும், ஒலியைத் தனி வேவ் ஃபைலாகவும் எடுத்து வையுங்கள். மூவி கிளிப்புக்குள் ஓடும் அசைவுகள் சில ஏற்றுமதி வழிகளில் முதல் ஃபிரேமிலேயே உறைந்து நிற்கும். ஏற்றுமதி முடிந்ததும் கண் சிமிட்டுகிறதா, சக்கரம் சுழல்கிறதா என்று ஓட்டிப் பாருங்கள்.

3டி வேலையென்றால் எலும்பு, தோல் எடை, முகவடிவங்களுக்கு எஃப்பிஎக்ஸ். இறுதி அசைவுக்கு, அசையும் வடிவத்தையே பதிந்துவைக்கும் அலெம்பிக். எஃப்பிஎக்ஸில் ரிக்கின் (பாத்திரத்தை அசைக்கும் கட்டமைப்பு) கட்டுப்பாடுகளும் எக்ஸ்பிரஷன்களும் வராது, அதனால் அசைவை எலும்பில் பதியவைத்துத்தான் அனுப்ப வேண்டும். தவறு நடக்கும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான். அலகு: மாயா சென்டிமீட்டரில் நினைக்கிறது, பிளெண்டர் மீட்டரில், நூறு மடங்கு சுருங்கிய பாத்திரம் வந்தால் காரணம் இதுதான். அச்சு: மாயாவுக்கும் சாஃப்ட்இமேஜுக்கும் ஒய் மேலே, மேக்ஸுக்கும் பிளெண்டருக்கும் இசட் மேலே. நேரம்: அலெம்பிக் ஃபிரேமாக அல்ல, வினாடியாகச் சேமிக்கிறது, 24-ல் எடுத்ததை 25 ஃபிரேம் காட்சியில் இறக்கினால் கால் தரையில் வழுக்கும். கேமரா: குவியத் தூரத்தை மட்டும் எழுதி வைத்தால் போதாது, சென்சார் அகலமும் வேண்டும். மெட்டீரியல் எதிலும் சரியாகப் போகாது. டெக்ஸ்சர்களோடு, மதிப்புகளைக் குறித்த உரை ஃபைல் ஒன்றும், நடுநிலை ஒளியில் எடுத்த ஒரு இஎக்ஸ்ஆர் படமும் வையுங்கள்.

எடிட்டிங்கில் முக்கியமானது ஒன்று: ஃபைனல் கட் 7-ன் ப்ராஜெக்ட் ஃபைல் பைனரி, அதை ஃபைனல் கட் 7-க்குள் இருந்துதான் எக்ஸ்எம்எல் ஆக்க முடியும். ஆக்கிவிட்டால் பிரீமியர், ரிசால்வ் போன்ற மற்ற எடிட்டிங் மென்பொருள்கள் படிக்கும். வெட்டுகள் வரும், ப்ளகின் எஃபெக்ட் வராது. புகைப்படத்தில் அப்பர்ச்சருக்கு 2014 ஜூனில் நிறுத்த அறிவிப்பு வந்தபோது எல்லோரும் முட்டிக்கொண்டது இதே சுவரில். நட்சத்திர மதிப்பீடும் குறிச்சொல்லும் அடோபியின் லைட்ரூமுக்குப் போயின, வண்ணத் திருத்தங்கள் போகவில்லை. அவை கேமராவின் மூலப் படத்தை (ரா) வண்ணமாக்கும் அந்த இன்ஜினுக்கான கட்டளைகள், வேறு இன்ஜினுக்கு அவற்றுக்கு அர்த்தம் கிடையாது. தேர்ந்தெடுத்த படங்களை 16-பிட் டிஃப்பாக எடுத்துவைப்பது ஒன்றே வழி.

இசைக்குறிப்பில் நிலைமை நல்லது, மியூசிக்எக்ஸ்எம்எல் என்ற பொதுப் பரிமாற்ற வடிவம் இருப்பதால். ஃபினாலே 27-ல் ஒரு ஃபோல்டர் முழுவதையும் ஒரே கட்டளையில் அந்த வடிவத்துக்கு மாற்றலாம். ஆனால் அது இசையைக் கொண்டுபோகும், பக்கத்தைக் கொண்டுபோகாது. திரும்ப வாசி என்பதை வெறும் எழுத்தாகத் தட்டி வைத்திருந்தால், புது மென்பொருளும் அதை எழுத்தாகவே பார்க்கும். சரிபார்க்க: கடைசித் தாளக் கட்டத்தின் (பார்) எண் பொருந்துகிறதா, எழுதுவது ஒரு சுருதியிலும் ஒலிப்பது வேறு சுருதியிலும் இருக்கும் வாத்தியங்களின் சுருதி சரியா, பாடல்வரியின் இணைப்புக்கோடுகள் நகர்ந்தனவா. பிடிஎஃப்போடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அச்சு வடிவமைப்பாளர்களுக்கு ஒரு வார்த்தை: அநாதையான ஃப்ரீஹேண்ட், பேஜ்மேக்கர் ஃபைல்களை லிப்ரேஆபிஸ் டிரா திறக்கும். வரிப்பிரிப்பு மாறும், எழுத்துரு மாறும். உள்ளடக்கத்தை மீட்க அது போதும்.

மாற்று மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது கடைசி. நிறுத்துகிற நிறுவனம் கைகாட்டும் மாற்றும், அதனோடு வரும் தள்ளுபடிக் கெடுவும் உங்கள் தேவையைப் பார்த்து வைத்தவை அல்ல. விலை மலிவு என்றால் வாங்கி வையுங்கள், அதனாலேயே மாறிவிடாதீர்கள். இரண்டு மூன்றைத் தேர்ந்து, ஏற்கெனவே முடித்த ஒரு சிறு வேலையை, பத்து இருபது வினாடிக் காட்சி ஒன்றை, தொடக்கம் முதல் இறுதி வெளியீடு வரை அதில் திரும்பச் செய்யுங்கள். பழையதில் எத்தனை மணிநேரம் ஆனது என்பது தெரியும், ஒப்பிடலாம். செய்முறைக் காணொளிகளைப் பார்த்து முடிவெடுத்தால், எங்கே சிக்கும் என்பது தெரியாமலே போய்விடும். ஃபைலை உரையாகச் சேமிக்கிறதா, இணையம் இல்லாமல் எத்தனை நாள் ஓடும், லைசென்ஸ் நிரந்தரமா என்ற மூன்றையும் வசதிகளுக்கு இணையாக எடைபோடுங்கள்.

உங்கள் எட்டுப் பேரில் இருவரை முதலில் அனுப்புங்கள்: ஒருவர் புதியதை ஆசையோடு கற்பவர், இன்னொருவர் பழையதில் ஊறியவர். பழையவர் கேட்கும் "அது இங்கே எங்கே இருக்கு?" என்ற கேள்விகளைத் தொகுத்தால் அதுவே மற்ற ஆறு பேருக்கான பயிற்சிக் கையேடு. ஷார்ட்கட் கீகளைப் பழைய மென்பொருள் போல மாற்றியமைக்க விடுங்கள். தூய்மைவாதிகள் வேண்டாம் என்பார்கள், ஆனால் முதல் இரண்டு மாதத்தில் வேகம் குறைவதில் பெரும்பங்கு கைப்பழக்கத்தால் வருவது. நடப்பு வேலைகள் பழையதில் முடியட்டும். புது வேலை புதியதில் தொடங்கட்டும். ஒரு வேலையின் நடுவில் யாரும் தாவக்கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பாதி ரிக் அங்கே பாதி இங்கே என்று கிடந்தால், எந்தக் குறை எங்கிருந்து வந்தது என்றே கண்டுபிடிக்க முடியாது.

காப்பகத்தோடு ஒரு உரை ஃபைல் வையுங்கள்: மென்பொருளின் சரியான பதிப்பு எண், இயங்குதளப் பதிப்பு, ப்ளகின்களும் அவற்றின் பதிப்பும், ஃபிரேம் வேகம், வண்ண வெளி, எழுத்துருக்கள், லைசென்ஸ் எங்கே இருக்கிறது, முதலில் எதைத் திறந்து பார்க்க வேண்டும். பழைய இயந்திரத்தை வருடத்துக்கு ஒருமுறையாவது இயக்குங்கள். மின்சாரமில்லாமல் வெகுநாள் கிடக்கும் எஸ்எஸ்டி தரவை இழக்கக்கூடும். மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்தால் தேதி பின்னுக்குப் போகும், தேதியைப் பார்க்கும் லைசென்ஸ்கள் அப்போது மறுத்துவிடும். அதை மாற்றுங்கள். மிகப் பழையது, மிகப் பெரியது, அதிக ப்ளகின் உள்ளது என்று பத்து மாதிரி ஃபைல்களைத் தேர்ந்து வைத்துக்கொண்டு, அந்த நாளில் அவற்றைத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஃபிரேம் எடுத்து, முன்பு எடுத்துவைத்த படத்தோடு ஒப்பிடுங்கள். ஒன்று மாறினாலும், இரண்டாவது கட்டில் இருக்கும் ஃபைல்களின் ஏற்றுமதியை அந்த மாதமே முடித்துவிடுங்கள்.